பில்லோடு ஒத்துப்போனால் போதுமா?

“மாசக் கணக்கு ஈபி பில்லோட ரெண்டு சதவீதத்துக்குள்ள வந்துடுச்சு, ட்வின் ரெடி.” கட்டடங்களின் மின்செலவுக்கு டிஜிட்டல் ட்வின், அதாவது கட்டடத்தைப்போலவே நடந்துகொள்ளும் கணினி நகல், செய்து கொடுக்கும் இடங்களில், ஒப்படைப்பு நாளன்று காதில் விழும் பேச்சு இது. திரையில் கட்டடம் முப்பரிமாணத்தில் சுழலும். அறைகள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும். ஓரத்தில் 2 சதவீதம் என்று பச்சை எழுத்தில் மின்னும். உரிமையாளர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த 2 சதவீதம்தான் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எண் பொய்யில்லை, கூட்டிப் பார்த்தால் சரியாகவே வரும். ஆனால் அந்த எண்ணை நம்பி சோலார் போட்டவர்களும் ஏசி நேரத்தை மாற்றியவர்களும் ஆறு மாதம் கழித்து “பில் குறையலையே” என்று கேட்கும்போது, தவறு எங்கே ஒளிந்திருந்தது என்று சொல்ல அந்த ட்வினுக்கே தெரிவதில்லை.

கணினி மாதிரியைக் கட்டடத்தோடு பொருத்திப் பார்க்க ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கத்தின் 14-ஆம் வழிகாட்டி இரண்டு அளவுகோல் தருகிறது. ஒன்று சராசரிப் பிழை. மாதக் கணக்கென்றால் கூட்டல் கழித்தல் 5 சதவீதம், மணிக்கணக்கென்றால் 10 சதவீதம் வரை விடலாம். மற்றொன்று சிதறல் பிழை. மாதத்துக்கு 15 சதவீதம், மணிக்கு 30 சதவீதம். முதல் அளவுகோலில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பகலில் 20 யூனிட் அதிகம் சொல்லி இரவில் 20 யூனிட் குறைத்துச் சொன்னால் பிழை சுழியம். இரண்டாவது அளவுகோலில் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால் அப்படித் தப்பிக்க முடியாது. நம் ஊரில் ஒப்படைக்கும் அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் அளவுகோல்தான் இருக்கும், அதுவும் மாதக் கணக்கில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் இணைப்பென்றால் ஓர் ஆண்டுக்கு மொத்தமே ஆறு எண்கள். ரீடிங் எடுக்க வருபவர் ஐந்து நாள் தள்ளி வந்தால் அந்த ஆறும் சாய்ந்துவிடும். ஆறு எண்களோடு பொருந்தும்படி எந்த மாதிரியையும் திருகிவிடலாம்.

காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ்

விஷயம் புரிய வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் இருக்கிற மாதிரியான ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். நான்கு மாடி, 40 அறை, அதில் 30 அறைக்கு ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. மொட்டைமாடி 12 மீட்டருக்கு 20 மீட்டர். தங்குபவர்கள் சிகிச்சைக்கு வந்தவர்களும் கூட வந்தவர்களும். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள். மூன்று நாளில் கிளம்பலாம் என்று வந்து மூன்று வாரம் தங்குவார்கள். அறையிலேயே சமைப்பார்கள்.

இந்த லாட்ஜுக்கு எனர்ஜிபிளஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு மாதிரி கட்டுகிறவர், வேலை சீக்கிரம் முடிய, அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்ட 16 வகை மாதிரிக் கட்டடங்களில் “சிறிய ஹோட்டல்” என்பதை எடுத்து அளவுகளை மாற்றுவார். அந்த மாதிரியில் அறையின் வெப்பநிலை நாள் முழுக்க ஒரே வரம்புக்குள் இருக்கும்படி ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். அப்படி ஓடினால் மின்சுமை எப்போது உச்சத்துக்குப் போகும்? வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு. உதாரணத்துக்கு, மாதிரி நான்கு மணிக்கு 32 கிலோவாட்டும் இரவு பத்து மணிக்கு 14 கிலோவாட்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே நடப்பது வேறு. விடியற்காலையிலேயே ஆட்கள் ஆஸ்பத்திரி வரிசைக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பும்போது ஏசியை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். வாடகையோடு கரண்டுக்கும் தனியாக வாங்கும் லாட்ஜ் என்றால் கட்டாயம் அணைப்பார்கள். பகல் முழுக்க அறை பூட்டிக் கிடக்கும், உள்ளே சூடு ஏறும். சாயங்காலம் திரும்பி வந்ததும் கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன். சாப்பிட்டு ஒன்பது மணிக்கு மேல் படுக்கப் போகும்போதுதான் ஏசி ரிமோட்டைத் தேடுவார்கள். மீட்டர் நான்கு மணிக்கு 14 கிலோவாட், பத்து மணிக்கு 32 கிலோவாட் காட்டும். மாதக் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றே. நாளின் உருவம் தலைகீழ்.

இது ஏட்டுச் சண்டை இல்லை, பணத்தில் வந்து நிற்கும். முதல் மாதிரியை நம்பினால், “பிற்பகல் உச்சத்தை சோலார் தாங்கிவிடும்” என்று மொட்டைமாடி நிறையப் பலகை போடச் சொல்லும். பத்து மணிச் சுமைக்கு அந்தப் பலகை ஒரு வாட்டும் தராது. “நான்கு மணிக்கு ஏசி செட்பாயிண்டை இரண்டு டிகிரி ஏற்றுங்கள்” என்று பரிந்துரைக்கும். அந்த நேரத்தில் ஓடுவது நாலு ஏசிதான். ஜெனரேட்டர் அளவு, கேபிள் தடிமன், ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்சச் சுமை) எல்லாமே தவறான நேரத்தின் சுமையை வைத்து முடிவாகும்.

சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள்

ஆள் இருக்கும் நேரத்தைத் திருத்தினால் பாதிப் பிழை போகும். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. கீழ் மூன்று மாடிகளும் இப்போது பொருந்தும், மேல்மாடி மட்டும் பொருந்தாது. இரவு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை மேல்மாடி மீட்டர், மாதிரி சொல்வதைவிட விடாமல் அதிகமாகவே ஓடும். ஒப்படைப்பு நாளின் 2 சதவீதத்தில் இது தெரியவே தெரியாது. மணிக்கு மணி மாதிரி சொன்னதையும் மீட்டர் சொன்னதையும் கழித்து அந்த மிச்சத்தை வரைபடமாகப் போட்டால், மேல்மாடிக்கு மட்டும் ராத்திரி நேரத்தில் ஒரு திமில் எழுந்து நிற்கும்.

காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் ஒரு 75, 100 மில்லிமீட்டர், அதன் மேல் தட்டோடு. மே மாதம் வெளியே 38 டிகிரி இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் அடிக்கும் பழுப்பு ஓட்டுப் பரப்பு 70 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருக்கும் சூட்டுக்குச் சமமாக நடந்துகொள்ளும். அந்தச் சூடு உடனே உள்ளே இறங்காது. வெறும் 150 மில்லிமீட்டர் கான்கிரீட்டைத் தாண்ட ஏறக்குறைய நான்கு மணி நேரம், வெதரிங் கோர்ஸோடு சேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். அதாவது பிற்பகல் இரண்டு மணி வெயில் சீலிங்கின் அடிப்பரப்புக்கு எட்டு மணிக்கு வந்து சேருகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடி அறையில் கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் தெரியும், சுவரைவிட வெதுவெதுப்பாக இருக்கும். “ராத்திரியில மேலேருந்து அனல் இறங்குது” என்று வேலூர்க்காரர்கள் சொல்வதற்கு இயற்பியலில் பெயர் வெப்பத் தாமதம். பகலெல்லாம் வெளியே போய்விட்டு ஆட்கள் அறைக்குத் திரும்பும் நேரமும் அந்தச் சூடு வந்து சேரும் நேரமும் இங்கே ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

வெதரிங் கோர்ஸ் இருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது. பழைய லாட்ஜுகளில் வரைபடமே இருக்காது. மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் மொத்தத் தடிமனை அளந்து, கீழே தெரியும் கான்கிரீட் தடிமனைக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே உருவத்தைக் காட்டும் ஒரு கள்ளப் பிழையும் உண்டு. டேட்டா பதியும் பலகையின் கடிகாரம் ஏற்கெனவே இந்திய நேரத்தில் ஓட, அதை உலகப் பொது நேரம் என்று நினைத்து மறுபடி ஐந்தரை மணி கூட்டிவிட்டால், எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரியும். கூரையின் தாமதமும் ஏறக்குறைய ஆறு மணி, கடிகாரத்தின் தவறும் ஐந்தரை மணி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடிகாரப் பிழையைக் கூரையின் கனமாக மாதிரிக்குள் திணித்துவிட்டால் மிச்சம் அழகாகச் சுழியத்துக்கு வரும். அடுத்த மாதம் யாராவது கடிகாரத்தைத் திருத்தியதும் எல்லாம் கலைந்துவிடும். வெயில் படாத கீழ்த்தளத்திலும் திமில் இருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். கூரைத் தாமதம் மேல்மாடியில் மட்டும் இருக்கும், கடிகாரப் பிழை எல்லா மாடியிலும் இருக்கும்.

கெய்சர் சோதனை

கடிகாரம் உட்பட மீட்டரின் மொத்த நேர்மையையும் சோதிக்க ஒரு 2 கிலோவாட் கெய்சர் போதும். ஆள் இல்லாத நேரத்தில் ஓர் அறையில் கெய்சரை 11:00 மணிக்குப் போட்டு 11:10-க்கு அணைக்க வேண்டும். பதிவில் 11:00 மணிக்கு 2 கிலோவாட் ஏறியிருக்கிறதா? ஐந்தரை மணி தள்ளி ஏறினால் கடிகாரம். ஒரு கிலோவாட்தான் ஏறியது, அல்லது நாலு ஏறியது என்றால் சிடியின் (வயரின் மின்னோட்டத்தை மீட்டருக்குக் குறைத்துக் கொடுக்கும் வளையம்) விகிதம் தவறு. 100/5 சிடி மாட்டிவிட்டு மீட்டரில் 200/5 என்று பதிந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். கழித்தல் குறியோடு 2 கிலோவாட் வந்தால் சிடி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. கெய்சர் வெறும் மின்தடைச் சுமை, அதன் பவர் ஃபேக்டர் 1 இருக்க வேண்டும். 0.5 என்று காட்டினால் ஆர் ஃபேஸ் வயரில் மாட்டிய சிடிக்கு ஒய் ஃபேஸ் வோல்டேஜ் போகிறது. கூடவே சிடியும் திரும்பியிருந்தால் கூட்டல் 0.5, திரும்பாவிட்டால் கழித்தல் 0.5. மூன்று ஃபேஸுக்கும் ஒவ்வோர் அறையில் இதைச் செய்யாமல் எந்த டேட்டாவையும் மாதிரிக்கு ஊட்டக் கூடாது. பிறகு வயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரால் ஒருமுறை ஆம்பியரை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முப்பது ஏசிக்கும் தனித்தனி மீட்டர் தேவையில்லை. மெயின் போர்டில் ஒன்று, மாடிக்கு ஒன்றாக நான்கு, லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஒன்று, ஜெனரேட்டர் பக்கம் ஒன்று. ஆக ஏழு மீட்டர். எல்லாம் மாட்பஸ் (மீட்டர் தன் எண்களைக் கணினிக்கு அனுப்பும் முறை) வசதியுள்ள சாதாரண மூன்று ஃபேஸ் மீட்டர்கள், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். இரட்டை முறுக்குக் கேபிளில் ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்து, இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்து, ஒரு இஎஸ்பி32 குட்டிக் கணினிப் பலகையிலோ சிறிய கேட்வேயிலோ முடிக்கலாம். ஒரு மீட்டரில் மட்டும் ஏ, பி வயர் மாறியிருந்தால் அந்த மீட்டர் பதிலே சொல்லாது. பதில் வந்தும் எண் கோடிக்கணக்கில் வந்தால் வயர்மேல் பழி போட வேண்டாம், தசம எண்ணின் இரண்டு பாதிகளும் இடம் மாறிப் படிக்கப்படுகின்றன.

மெயின் மீட்டரும், மாடி மீட்டர்கள், லிஃப்ட்-மோட்டார் மீட்டர் ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 2, 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில்தான் கட்டடத்தின் வரலாறு வெளியே வரும். ஒவ்வொரு மாடியாகக் காசு சேரச் சேரக் கட்டிய லாட்ஜில், மூன்றாம் மாடியின் இரண்டு அறைக்கு முதல் மாடி டிபியிலிருந்து (லைன்கள் பிரியும் பெட்டி) லைன் போயிருக்கும். பேனல் வராமல் நேரே மெயினிலிருந்து இழுத்த போர்டு லைட் ஒன்று இருக்கும். எம்சிபியை ஒவ்வொன்றாக இறக்கி, எந்த அறை இருட்டாகிறது என்று மாடி ஏறிப் பார்த்து, டிபி கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டுவதற்கு ஒரு நாள் போகும். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைத்து ட்வின் கட்டுபவர்கள் பிறகு மாதக்கணக்கில் மாதிரியைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் போகும் நேரம்

பணக்கார நாடுகளுக்காக எழுதிய ட்வின் மென்பொருளில் கரண்ட் போவது என்பது விதிவிலக்கு. இங்கே அது நாளின் ஒரு பகுதி. கரண்ட் போனதும் மீட்டர் அணையும், ரவுட்டர் அணையும், பதிவும் நிற்கும். எந்த நிகழ்ச்சியை அறிந்தே ஆக வேண்டுமோ, சரியாக அதுதான் பதிவில் இருக்காது. பதியும் பலகைக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ், பலகையில் எஸ்டி கார்டு, கூடவே பேட்டரியோடு ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. சில்லு இல்லாவிட்டால், இணையம் திரும்பும் வரை பலகை தன் நேரத்தை 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு பதியும்.

ஜெனரேட்டர் ஓடும் நேரத்து யூனிட் ஈபி மீட்டரில் ஏறாது. ஆகவே பில்லோடு பொருத்திய மாதிரியில் அந்த நேரங்கள் “ஏசி ஓடாத நேரம்” ஆகிவிடும். உண்மையில் அப்போதுதான் மிக விலை உயர்ந்த யூனிட் எரிகிறது. ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒரு ரிலே தொடர்பு வழியாக ட்வினுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கரண்ட் திரும்பும் நொடியும் முக்கியம். ஒவ்வொரு ஏசியிலும் கம்ப்ரஸரைக் காக்க ஏறக்குறைய மூன்று நிமிடத் தாமதம் உண்டு. எல்லா ஏசிக்கும் அதே மூன்று நிமிடம் என்பதால் எல்லாமே ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் நொடியின் தள்ளுமுள்ளை மீட்டரின் டிமாண்ட் கணக்கு பெரிதாக எடுத்துக்கொள்ளாது, ஏனென்றால் அது 15 நிமிடமோ 30 நிமிடமோ சராசரி எடுக்கிறது. ஆனால் நாற்பது நிமிடம் கரண்ட் இல்லாமல் சூடேறிய முப்பது அறையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் குளிர முயலும்போது, அந்தச் சராசரியே உச்சத்துக்குப் போய் அந்த மாத டிமாண்டைத் தீர்மானித்துவிடும். மாடிவாரியாக ஐந்தைந்து நிமிட இடைவெளியில் கான்டாக்டரை (தானியங்கிப் பெரிய சுவிட்ச்) ஏற்றினால் இது அடங்கும். எந்த மாடிக்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் ட்வினுக்கு வேலை. இரவு பத்து மணியென்றால் மேல்மாடிக்கு முதலில், அனல் அங்கேதான் இறங்குகிறது.

சென்னை வெயிலும் வேலூர் வெயிலும்

மாதிரிக்குள் ஊட்டும் வானிலைக் கோப்பு பெரும்பாலும் சென்னை விமான நிலையத்துடையதாக இருக்கும், கைக்குச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். கடற்காற்று மீனம்பாக்கத்துக்கு மதியத்துக்கு மேல் வந்து சூட்டைத் தணித்துவிடும். 140 கிலோமீட்டர் உள்ளே, சுற்றிலும் பாறை மலை வைத்த வேலூருக்கு அந்தக் காற்று வந்தாலும் இருட்டிய பிறகுதான். சென்னைக் கோப்பை வைத்தால் பிற்பகல் சூடு குறைவாகவும் ஈரப்பதம் அதிகமாகவும் கணக்காகும். மொட்டைமாடியில் நிழல்கூட்டுக்குள் ஒரு எஸ்எச்டி31 சென்சார் வைத்தால் வெப்பமும் ஈரமும் கிடைத்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தால் குளிர்ச்சியாகவும், நேரே தட்டோட்டின் மேல் வைத்தால் கொதிப்பாகவும் காட்டும். தளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வேண்டும். வெயிலை அளக்கும் கருவி விலை அதிகம். ஏற்கெனவே சோலார் இருந்தால் அதன் இன்வர்ட்டர் காட்டும் கிலோவாட்டையே வெயிலின் அளவாக எடுத்துக்கொள்ளலாம். பலகையில் தூசி படியப் படிய வெயில் குறைந்ததுபோல் தெரியும், கழுவிய நாளைக் குறித்து வைத்துத் திருத்த வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டுகள் பார்ப்பது அந்த வானிலைக் கோப்பின் காற்றையும் இல்லை. இரண்டு லாட்ஜுக்கு நடுவே மூன்றடிச் சந்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து யூனிட் மாட்டியிருக்கும். கீழ் யூனிட் விடும் சூட்டை மேல் யூனிட் உறிஞ்சும். வெளியே 36 டிகிரி என்றால் சந்தின் மேல்பகுதியில் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். சந்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சென்சார் தொங்கவிட்டு, அந்த எண்ணை ஏசியின் திறன் கணக்கில் வெளி வெப்பத்துக்குப் பதிலாகப் போட்டதும் மிச்சம் கண்முன்னே சுருங்கும். மேல் யூனிட்டுகளை மொட்டைமாடிக்கு மாற்றுவது லாபமா, குழாய் நீளம் கூடுவதால் நட்டமா என்று ட்வினிடம் கேட்கத் தகுதியான கேள்வி அதற்குப் பிறகு கிடைக்கும்.

சில்லர் (மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வைத்த பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரிக் கட்டடங்களில் இதற்கு இணையான சிக்கல் உப்புத்தண்ணி. போர் தண்ணியைக் கூலிங் டவரில் விட்டால் கண்டென்சர் குழாயில் வெள்ளைப் படிவு ஏறும். கண்டென்சரில் கேஸ் குளிரும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி, சுத்தமாக இருக்கும்போது ஒன்றிரண்டு டிகிரி. அது நான்கு, ஐந்தாக ஏறினால் குழாய் தேய்க்கும் நேரம். ஒவ்வொரு டிகிரிக்கும் சில்லரின் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் கூடும். வெயில் ஏறியதால் கூடியதா, உப்பு படிந்ததால் கூடியதா என்று கண்ணால் பிரிக்க முடியாத இடம் இது. மாதிரி வெயிலின் பங்கைக் கழித்துவிடும். மீதி வாரா வாரம் மெதுவாக ஏறினால் உப்பு. ஒரே நாளில் குதித்தால் சென்சாரோ வால்வோ.

அறைக்குள் இருப்பவர்

மாதிரியின் கணிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாடிக்கு ஒரு காற்று வெப்பநிலை, சுவரும் தளமும் சேர்ந்த கனத்துக்கு ஒரு வெப்பநிலை, இடையே வெப்பம் கடப்பதைத் தடுக்கும் இரண்டு மூன்று தடைகள். இவ்வளவு போதும், ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓடும். தடைகளின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு காலி அறை வேண்டும். ஏசியை 24 டிகிரிக்கு ஓடவிட்டு, இரவு பத்துக்கு அணைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறை வெப்பத்தைப் பதிந்தால் இரண்டு சரிவு தெரியும். முதல் இருபது முப்பது நிமிடத்தில் சரசரவென்று ஏறுவது காற்று. அதற்குப் பின் விடியும் வரை நிதானமாக ஏறுவது சுவரும் தளமும். இந்த இரண்டு சரிவும் ஆயிரம் பக்க முப்பரிமாணப் படத்தைவிட அந்த அறையைப் பற்றி அதிகம் சொல்லும்.

அறையில் எத்தனை பேர் என்று அறிய ஆள் உணரும் சென்சாரை நோயாளிகள் தங்கும் அறைக்குள் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். இரவு எட்டு மணிக்கு ரிசப்ஷனில் இருப்பவர் மாடிவாரியாக நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையைக் கைப்பேசியில் பதிந்தால், இந்த மாதிரிக்குத் தேவையான துல்லியம் வந்துவிடும். ட்வின் அறை ஏசியைத் தானே இயக்குவதும் கூடாது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் 24 டிகிரியை இயல்புநிலையாகக் கொண்டு வருகின்றன, நல்லதுதான். ஆனால் கீமோ முடித்து வந்து போர்வைக்குள் நடுங்குபவருக்கு 24 குளிர். காய்ச்சலில் புழுங்குபவருக்கு 24 போதாது. அவரவர் ரிமோட் அவரவர் கையிலேயே இருக்கட்டும். ட்வின் கை வைக்க மோட்டார் நேரம், கெய்சர் டைமர், கரண்ட் திரும்பும் வரிசை, வராந்தா விளக்கு, கூரை என்று வேண்டிய அளவு இடம் இருக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து படுத்திருப்பவரின் தூக்கத்தில் யூனிட் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கூரையில் கிடைக்கும் மிச்சமே பெரிது. பழுப்புத் தட்டோடு வெயிலில் 70 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது, வெள்ளைப் பூச்சு 30 சதவீதம் என்று வைத்தால், உச்ச வெயிலில் வெளிப்பரப்பு உணரும் சூடு ஏறக்குறைய 18 டிகிரி இறங்குகிறது. 240 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 2.5 வாட் கடத்தும் தளம்: 240 × 2.5 × 18 = 10,800 வாட். மூன்று டன் ஏசிக்குச் சமம். கூரையின் கனம் அந்த உச்சத்தை மழுக்கிப் பரப்பிவிடுவதால் இரவில் உண்மையில் கிடைப்பது இதில் ஒரு பகுதிதான். எவ்வளவு பகுதி என்பதைத்தான் சரியாகப் பொருத்திய மாதிரி சொல்லும். ஒரு வருடத் தூசியில் வெள்ளை மங்கும், சுண்ணாம்பு என்றால் ஐப்பசி மழையில் கரைந்தே போகும். மேல்மாடியின் இரவுத் திமில் மறுபடி எழத் தொடங்கும் வாரம்தான் மறுபூச்சுக்கான வாரம்.

செய்வதென்றால் மீட்டர்களைத் தை, மாசியிலேயே மாட்டிவிட வேண்டும். பங்குனிக்குள் கூரையைப் பூசிவிடலாம், மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும்போது கையில் இரண்டு மூன்று மாத மணிக்கணக்கு இருக்கும். பூசும்போது மேல்மாடியில் ஆள் தங்காத துணி அறைக்கு மேல் இருக்கும் பகுதியை மட்டும் பூசாமல் விட்டு, அதன் சீலிங்கில் ஒரு சென்சாரும், பூசிய பக்கத்து அறையின் சீலிங்கில் ஒரு சென்சாரும் ஒட்டிவையுங்கள். டிஎஸ்18பி20 என்ற சிறிய வெப்ப சென்சார் போதும், வெப்பப் பசை தடவி, மேலே சிறு தெர்மோகோல் துண்டு வைத்து டேப்பால் ஒட்டினால் அறைக் காற்றை அளக்காமல் சீலிங்கை அளக்கும். இரவு எட்டு மணிக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.